விண்ணிலிருந்து இறங்கும் விநாடி

2003 ஆகஸ்ட் 14. பிற்பகல் 4 மணி தாண்டிச் சில நிமிடங்களுக்குள் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போயிற்று. எந்த லைன் முதலில் விழுந்தது, அது எதை இழுத்துக்கொண்டு விழுந்தது என்பதைத்தான் விசாரணைக் குழு முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. துணைமின் நிலையங்களில் பதிவுக் கருவிகள் இருந்தன. நடந்ததையெல்லாம் நேரம் போட்டுப் பதிந்தும் வைத்திருந்தன. சிக்கல் என்னவென்றால், பல கருவிகளின் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரு கடிகாரம் சில விநாடி முந்தினால் போதும், விளைவு முதலிலும் காரணம் பிறகுமாகப் பதிவாகிவிடும். ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதிலேயே குழுவினரின் உழைப்பு கரைந்தது. பதிவுக் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரைகளில் ஒன்றாக இடம்பெற்றது.

அந்த ஒரே நேரம் எங்கிருந்து வரும்? இன்று பெரும்பாலும் தலைக்கு மேல் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது.

படிகத்தின் தள்ளாட்டம்

கருவிகளின் கடிகாரங்கள் ஏன் பிசகுகின்றன? கணினிக்குள் இருப்பதும் கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற குவார்ட்ஸ் படிகம்தான். கைக்கடிகாரத்தில் அது விநாடிக்கு 32,768 முறை அதிரும்படி வெட்டப்பட்டிருக்கும். அதிர்வுகளை எண்ணி கணினி விநாடியைக் கணக்கிடுகிறது. சாதாரணப் படிகம் 10 லட்சத்துக்கு 20 அதிர்வு வரை கூடவோ குறையவோ செய்யலாம். ஒரு நாளில் 86,400 விநாடிகள். எனவே நாளொன்றுக்குப் பிழை 1.7 விநாடி. மாதக் கடைசியில் அது 50 விநாடியைத் தொட்டுவிடும். வெப்பம் மாறினாலும் படிகத்தின் வேகம் மாறும். ஏசி அறையில் ஒழுங்காக ஓடிய கடிகாரம், ஏசி நின்றதும் வேறு வேகத்தில் ஓடத் தொடங்கும்.

இதைத் திருத்த இணையம் வழியாக நேரம் கேட்டு வாங்கும் முறை ஒன்று உண்டு. என்டிபி என்று பெயர். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் 1980-களில் வடிவமைத்தது. ‘மணி என்ன?’ என்று கணினி சர்வரிடம் கேட்கும். பதில் வந்து சேர ஆன நேரத்தைப் பாதியாக்கி, பயண நேரமாகக் கூட்டிக்கொள்ளும். போன வழியும் வந்த வழியும் ஒரே அளவு நேரம் எடுத்திருந்தால் கணக்கு சரி. போக 10 மில்லி விநாடி, வர 30 மில்லி விநாடி ஆகியிருந்தால் கடிகாரம் 10 மில்லி விநாடி பிசகிவிடும். அப்படிப் பிசகியது கணினிக்குத் தெரியவும் தெரியாது.

வீட்டுக் கணினிக்கு இந்தப் பிசகு ஒரு பொருட்டல்ல. மின்கட்டமைப்புக்குப் பொருட்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓர் அலை முடிய 20 மில்லி விநாடி; அதை 360 பாகையாகப் பிரித்தால், ஒரு மில்லி விநாடிப் பிழை 18 பாகைப் பிழை. இரண்டு ஊர்களுக்கு இடையே அலைகள் எவ்வளவு விலகி ஓடுகின்றன என்று அளக்கும் கருவிகள் இந்திய மின்கட்டமைப்பிலும் உண்டு. அவற்றுக்கு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் 10 லட்சத்தில் ஒரு பங்கு, அளவில் நேரம் வேண்டும்.

வழிகாட்டி அல்ல, கடிகாரம்

ஜிபிஎஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வரைபடம். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் நாம் இருக்கும் இடத்தைச் சொல்வதே இல்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அணுக்கடிகாரங்களைச் சுமந்துகொண்டு, ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று ஓயாமல் அறிவிக்கின்றன. அந்த அலை தரைக்கு வர குறைந்தது 67 மில்லி விநாடி ஆகும். தாமதத்தை அளந்தால் தூரம் கிடைக்கும். ஒரு நானோ விநாடி தவறினால் தூரம் 30 சென்டிமீட்டர் தவறும்.

தாமதத்தை அளக்க, அந்த அலையைப் பிடிக்கும் ரிசீவரிடமும் துல்லியமான கடிகாரம் வேண்டுமே? அதனிடம் இருப்பதோ அதே மலிவான படிகம். இங்கேதான் கணக்கு கைகொடுக்கிறது. நீளம், அகலம், உயரம் என்று இடத்துக்கு மூன்று விடை தெரியாத எண்கள். தன் கடிகாரத்தின் பிழை நான்காவது. நான்கு செயற்கைக்கோள்கள் தெரிந்தால் நான்கு சமன்பாடுகள் கிடைத்து, நான்குக்கும் விடை வந்துவிடும். ஆக, இடம் தெரிந்துகொள்ளும் ஒவ்வொரு முறையும் ரிசீவர் தன் கடிகாரத்தையும் திருத்திக்கொள்கிறது. மொட்டை மாடியில் நிலையாகப் பொருத்தி, அந்த இடத்தை ஒருமுறை துல்லியமாகக் குறித்துவிட்டால் மூன்று எண்கள் தெரிந்தவை ஆகிவிடும். அதன் பிறகு நேரத்துக்கு ஒரே ஒரு செயற்கைக்கோள் கண்ணில் பட்டாலே போதும்.

ஐன்ஸ்டைனுக்கும் இதில் பங்கு உண்டு. ஈர்ப்பு குறைந்த உயரத்தில் கடிகாரம் நாளொன்றுக்கு 45 மைக்ரோ விநாடி முந்தும். வேகமாகச் சுற்றுவதால் 7 மைக்ரோ விநாடி பிந்தும். மிச்சம் 38. அதை ஈடுகட்ட, ஏவுவதற்கு முன்பே கடிகாரத்தைச் சற்று மெதுவாக ஓடும்படி வைத்து அனுப்புகிறார்கள்.

செய்தியும் துடிப்பும்

ரிசீவரைக் கணினியில் இணைத்தால் நேரம் எழுத்து வடிவில் வரத் தொடங்கும். அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு வரி வந்து சேரவே 80 மில்லி விநாடி ஆகும்; வரிகளின் எண்ணிக்கை கூடினால் தாமதமும் கூடும், மாறிக்கொண்டும் இருக்கும்.

வானொலியில் செய்திக்கு முன் ஒலிக்கும் ‘பீப்’ நினைவிருக்கிறதா? அறிவிப்பாளர் மணியைச் சொல்வார். ஆனால் கைக்கடிகாரத்தின் திருகை நாம் அழுத்தியது அந்தக் கடைசி பீப்புக்குத்தான். நேரத்துக்கென்று செய்யப்படும் ரிசீவர்களிலும் அப்படி ஒரு தனிக் கம்பி உண்டு. ஒவ்வொரு விநாடியும் பிறக்கும்போது அதில் ஒரு மின்துடிப்பு வரும், பிபிஎஸ் என்பார்கள். எழுத்து எந்த விநாடி என்று சொல்கிறது, துடிப்பு அது தொடங்கிய கணத்தைக் காட்டுகிறது. துடிப்பின் பிழை சில பத்து நானோ விநாடிகள்தான். ஒரு ராஸ்பெர்ரி பை கணினியும் இந்தக் கம்பி உள்ள ரிசீவரும் ஜன்னலோரம் ஓர் ஆன்டெனாவும் இருந்தால், லினக்ஸில் மைக்ரோ விநாடி அளவுக்கு நெருங்கிவிடலாம். ஆன்டெனா கேபிளையும் கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு: மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோ விநாடித் தாமதம்.

வானமும் தவறும்

ஜிபிஎஸ் தரும் நேரத்திலும் சில பொறிகள் உண்டு. ஜிபிஎஸ் தன் நேரத்தை 1980 ஜனவரி 6-இல் தொடங்கியது. பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சேர்க்கப்படும் லீப் விநாடிகளை அது ஏற்பதில்லை. அதனால் 2017 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முன்னே ஓடுகிறது. அந்த 18-ஐக் கழிக்கச் சொல்லும் குறிப்பு முழுச் செய்தியோடு சேர்ந்து வர 12½ நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் அவசரப்பட்டு நம்பினால் பிழை.

இன்னொன்று, வார எண். பழைய ஜிபிஎஸ் செய்தியில் அதற்கு 10 பிட் இடம்தான். 1,024 வாரங்களுக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும்: 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். இதைச் சமாளிக்க எழுதப்பட்ட நிரலே தடுக்கியதும் உண்டு. லினக்ஸ் உலகில் பரவலாக உள்ள ஜிபிஎஸ்டி மென்பொருளின் சில பதிப்புகள் 2021 அக்டோபர் 24 அன்று தேதியை 2002 மார்ச்சுக்குத் தள்ளிவிடும் என்று முன்கூட்டியே கண்டறிந்து திருத்தினார்கள்.

2016 ஜனவரி 26 அன்று தவறியது தரைக் கட்டுப்பாட்டு மையம். பழைய செயற்கைக்கோள் ஒன்றை ஓய்வுக்கு அனுப்பியபோது மற்றவற்றுக்குத் தவறான திருத்த எண் போய்ச் சேர்ந்தது. 13 மைக்ரோ விநாடிப் பிழை. இடம் காட்டுவதில் பிசகு இல்லை. ஆனால் பல நாடுகளில் தொலைத்தொடர்பு நிலையங்களின் நேரக் கருவிகள் மணிக்கணக்கில் எச்சரிக்கை எழுப்பின.

நம் கடிகாரம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய ரயில்கள் பெரும்பாலும் ‘மெட்ராஸ் நேரத்தில்’ ஓடின. நுங்கம்பாக்கம் வானாய்வகம் கணித்த நேரம் தந்தி வழியே ஊர் ஊராகப் போயிற்று. இன்று இந்திய நேரத்தைக் காப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அணுக்கடிகாரங்கள். 2022 ஏப்ரலில் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், சேவை நிறுவனங்களும் தரவு மையங்களும் இந்த ஆய்வகத்தின் அல்லது தேசிய தகவல் மையத்தின் நேரச் சர்வர்களோடு, இல்லையேல் அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடு, தங்கள் கணினிகளை ஒத்திசைக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தாக்குதல் நடந்தபின் பதிவுகளைக் கோத்துப் பார்க்க வேண்டுமே!

வானத்திலும் நமக்கென்று நாவிக் என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பு இருக்கிறது. 2013-இல் ஏவப்பட்ட அதன் முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று இறக்குமதி அணுக்கடிகாரங்களும் பழுதாயின; கடிகாரம் போனதும் அதைக் கொண்டு வழி காட்டவும் முடியவில்லை. 2023 மே மாதம் ஏவிய என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோளில் அகமதாபாத்தில் உருவான உள்நாட்டு ருபீடியம் கடிகாரம் சென்றது.

இத்தனைக்குப் பிறகும் ஒரே கடிகாரத்தை நம்ப வேண்டாம் என்பதுதான் நேரச் சர்வர்களைப் பராமரிப்பவர்களின் பாடம். ஜிபிஎஸ் அலை மிக மெலிந்தது; சிறு ஜாமர் ஒன்றே அதை மூழ்கடித்துவிடும். ஒரு கடிகாரம் மட்டும் இருந்தால் அது தவறுவது தெரியாது. இரண்டு இருந்தால் ஏதோ ஒன்று தவறு என்று தெரியும், எது என்று தெரியாது. மூன்று இருந்தால் தவறுவதைப் பெரும்பான்மை காட்டிக்கொடுக்கும். அந்த மூன்றில் ஒன்று பழுதாகி நிற்கும் நாளுக்காக நான்காவது ஒன்றும் வேண்டும். மேலே இடத்தைக் கண்டுபிடிக்கத் தேவைப்பட்ட அதே நான்கு, கீழே நேரத்தை நம்புவதற்கும் தேவைப்படுகிறது.