எட்டுக்கால் விருந்தாளிக்குக் காற்றோட்டமான வீடு

பத்தாம் வகுப்பு மாணவியர்

சிலந்தி என்றதும் துடைப்பத்தைத் தேடி ஓடுகிறவர்களே நம்மில் அதிகம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். ஆனால் சென்ற மழைக்காலத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி எங்கள் எண்ணத்தை மாற்றிவிட்டது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அலமாரிக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி இருந்தது. வலை பின்னாமல், சுவரில் ஓடிக் கரப்பான்பூச்சியைப் பிடிக்கும் இனம் அது. திங்கட்கிழமை சிஸ்டரிடம் காட்டலாம் என்று அதனை ஒரு ஹார்லிக்ஸ் புட்டியில் பிடித்துவைத்தோம். மூச்சுவிட வேண்டுமே என்று மூடியில் ஆணியால் ஆறு துளைகளும் இட்டோம். ஈரப்பஞ்சு ஒன்றையும் செத்த கரப்பான் ஒன்றையும் உள்ளே போட்டு, சன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வீடு சென்றோம். சனியும் ஞாயிறும் மழை விட்டு நல்ல வெயில். திங்களன்று வந்து பார்த்தால் புட்டியின் உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள், கரப்பானின்மேல் பூஞ்சை, எட்டுக் கால்களையும் மடக்கிக்கொண்டு சிலந்தி இறந்து கிடந்தது.

"துளை போட்டோமே, சிஸ்டர்!" என்றோம். "துளை போட்டால் மட்டும் போதுமா? காற்று எவ்வழியே வரும், எவ்வழியே போகும் என்று யோசித்தீர்களா?" என்று கேட்டார் சிஸ்டர். அக்கேள்விக்கு விடை தேடியபோது நாங்கள் அறிந்தவை இவை.

சிலந்தி எப்படிச் சுவாசிக்கிறது?

சிலந்தியின் வயிற்றின் அடிப்பக்கத்தில் 'புத்தக நுரையீரல்' என்னும் உறுப்பு உண்டு. புத்தகத்தின் தாள்கள்போல் மெல்லிய ஏடுகள் அதில் அடுக்கடுக்காக இருக்கும். அந்த ஏடுகளுக்கிடையே காற்று நுழைய, ஏடுகளுக்குள் ஓடும் இரத்தம் ஆக்ஸிஜனைப் பெற்றுக்கொள்கிறது. 'டாரன்டுலா' எனப்படும் பெருஞ்சிலந்திகளுக்கு இத்தகைய நுரையீரல்கள் நான்கு. நம்மைப்போல் மார்பை விரித்து மூச்சிழுக்கும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. அவற்றுக்கு வேண்டிய ஆக்ஸிஜனும் மிகக் குறைவே.

அப்படியானால் எங்கள் சிலந்தி ஏன் இறந்தது? வெயிலே முதற் குற்றவாளி. வெயிலில் வைத்த கண்ணாடிப் புட்டி வெளியைவிட அதிகமாகச் சூடேறும். தேங்கிய ஈரக் காற்று இரண்டாவது குற்றவாளி. துளைகள் எல்லாம் மூடியிலேயே இருந்தமையால், கீழே தங்கிய காற்று எளிதில் வெளியேற வழியில்லை. அவ்வீரத்தில் பூஞ்சையும் பெருகியது.

எதிரெதிர்த் துளைகள்

நம் முகப்பேர் அடுக்குமாடி வீடுகளையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் மட்டும் சன்னல் உள்ள அறையில் புழுக்கம் தாங்காது. எதிர்ச்சுவரிலும் ஒரு சன்னல் இருந்தால் காற்று குறுக்கே ஓடும். குளியலறையில் வென்டிலேட்டரை உயரத்தில் வைப்பது ஏன்? வெப்பமான ஈரக் காற்று மேலே எழுவதால்தான். பெருஞ்சிலந்தி வளர்க்கும் பெட்டிக்கும் இதே விதிதான். ஒரு பக்கம் தாழ்வாக, மண்மட்டத்திற்குச் சற்று மேலே சில துளைகள். எதிர்ப்பக்கம் உயரத்தில் சில துளைகள். கீழ்வழியே புதுக்காற்று வரும். மேல்வழியே பழைய காற்று போகும்.

துளை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? சிலந்தியின் தலையும் மார்பும் இணைந்த கெட்டியான பகுதி நுழைய முடியாத அளவே இருக்க வேண்டும். மெதுவான வயிற்றை அது சுருக்கிக்கொள்ளும். ஆனால் அக்கெட்டிப் பகுதியைச் சுருக்க இயலாது. குஞ்சுகளுக்கு ஊசித் துளைகளே போதும். துளையின் ஓரத்தில் பிசிறு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும்.

கொசுவலைக் கம்பியை மூடியாகப் போட்டால் காற்று தாராளமாக வருமே என்று நாங்களும் நினைத்தோம். அதில் ஆபத்து உண்டு. பெருஞ்சிலந்தியின் கால் நுனியிலுள்ள நகங்கள் வலைக்கண்ணில் சிக்கிக்கொள்ளும். விடுபடப் போராடும்போது கால் முறியலாம். பிளாஸ்டிக் வலையை அது கடித்துக் கிழித்துவிடும். தரைவாழ் இனம் உயரத்திலிருந்து விழுந்தாலோ, மெல்லிய தோலுடைய வயிறு வெடித்து உயிர் போகும். ஆகவே அத்தகைய சிலந்திக்கு உயரம் குறைந்த, மண் ஆழமாக நிரப்பிய பெட்டியும், மரத்தில் வாழும் சிலந்திக்கு உயரமான பெட்டியும் ஏற்றவை.

ஈரமும் காற்றும் தராசின் இரு தட்டுகள்போல. கடலோரச் சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையின்போது காற்றிலேயே ஈரம் மிகுதி. அப்போது நீர் தெளித்தால் பூஞ்சைதான் வளரும். ஏ.சி. ஓடும் அறையிலோ காற்று உலர்ந்துவிடும். அதற்காகத் துளைகளை அடைக்கக் கூடாது. ஒரு சிறு கிண்ணத்தில் நீர் வைத்து, மண்ணின் ஒரு மூலையை மட்டும் நனைத்தால் போதும். தின்ற மிச்சத்தை மறுநாளே எடுத்துவிட வேண்டும். சிலந்தி மல்லாந்து கிடந்தால் செத்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள்! அது தோலுரிக்கும் நேரமாக இருக்கலாம். அப்போது அதனைத் தொடவே கூடாது.

நம் நாட்டுச் செல்வங்கள்

உலகெங்கும் ஆசையோடு வளர்க்கப்படும் நீலநிறப் பெருஞ்சிலந்தி நம் அண்டை மாநிலத்துக்குரியது. ஆந்திராவின் கூட்டி என்னும் ஊரில் கிடைத்த அதனை 1899இல் போகாக் என்னும் அறிஞர் உலகுக்கு அறிவித்தார். பின்னர் நூறாண்டுக் காலம் அதனைக் கண்டவர் இல்லை. 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் அது காணப்பட்டது. நம் இராமேசுவரத்திலும் ஓர் இனம் உண்டு. 2004இல் விவரிக்கப்பட்ட அதற்கு அங்குள்ள அனுமவிலாசம் கோவிலின் பெயரையே சூட்டியுள்ளனர். இவ்விரண்டும் அழிவின் விளிம்பில் உள்ளவை. மரங்களை வெட்டுவதும், விற்பனைக்காகப் பிடிப்பதும் இவற்றுக்குப் பகை. 2019இல் இவை சார்ந்த பேரினம் முழுவதும் 'சைட்டிஸ்' என்னும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே காட்டுச் சிலந்தியைப் பிடித்து வந்து வளர்ப்பது எவ்வளவு நல்ல பெட்டியானாலும் தவறே. காற்று, ஈரம், நிழல் மூன்றும் அளவோடு அமைந்த வீடு அதற்குக் காட்டிலேயே இருக்கிறது.

தைமாதத்தில் ஆய்வுக்கூடத்தில் மற்றொரு சிலந்தி வந்தது. இம்முறை இருபக்கமும் துளையிட்ட பெட்டியை நிழலில் வைத்தோம். அதன் எட்டுக் கண்களையும் எண்ணினோம், படம் வரைந்தோம். பெட்டியின் சுவரில் ஒரு நீர்த்துளிகூடப் படியவில்லை. அன்று மாலையே பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரம் கொண்டுபோய்த் திறந்துவிட்டோம். ஒரு நொடி தயங்கியது. பின்பு வேப்பமரத்தின்மேல் விறுவிறுவென ஏறி மறைந்தது. முதற் சிலந்திக்கு நாங்கள் செய்த பிழைக்கு அதுவே எங்கள் பரிகாரம். தோழியரே, இனிச் சிலந்தியைக் கண்டால் துடைப்பத்தை எடுக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள்!