இரவு வெப்பமும் நெல் விளைவும்

வானம் தெளிந்த இரவில் பனி விழும். முகில் மூடிய இரவில் புழுக்கம் மிகும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாழ் மக்களும் வயற்புறக் கமக்காரரும் ஒருங்கே அறிந்த உண்மை இது. இதன் காரணம் யாது? பகலில் வெயிலால் சூடேறிய நிலம், இரவில் அவ்வெப்பத்தைக் கண்ணுக்குப் புலப்படாத கதிர்களாக வான்நோக்கி விடுகின்றது. முகிலும் நீராவியும் காபனீரொட்சைட்டும் அக்கதிர்களை உறிஞ்சி, ஒரு பகுதியை மீண்டும் நிலத்துக்கே அனுப்புகின்றன.

இவ்வரவு செலவைக் கணினி கணக்கிடுகின்றது. வளிமண்டலத்தைப் பல படைகளாகப் பிரித்து, ஒவ்வொரு படையும் கொள்ளும் வெப்பத்தையும் விடும் வெப்பத்தையும் அது கூட்டிக் கழிக்கும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு இருமடங்கானால் நிலமட்ட வெப்பநிலை ஏறக்குறைய 2.3 பாகை செல்சியஸ் உயருமென, 1967 ஆம் ஆண்டில் மனாபே, வெதரால்ட் என்னும் அறிஞர் இருவர் இம்முறையாற் கண்டனர். மனாபே 2021 இல் நோபல் பரிசு பெற்றார்.

இரவு வெப்பமுறுதல் நெல்லுக்கு நன்றன்று. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், வறட்சிக்காலப் போகத்தின் இரவு வெப்பநிலை 1 பாகை உயர, விளைவு 10 சதவீதம் குறைந்ததென 2004 இல் வெளியான ஆய்வு காட்டியது. பூக்கும் வேளையிற் பகல் வெப்பம் 35 பாகையைக் கடந்தாலும் பதர் மிகும்.

ஆகவே, கொழும்பிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பைக் கேட்டு, கடும் வெப்பநாட்களிற் பயிர் பூக்காதவாறு விதைப்புக் காலத்தைத் தெரிவுசெய்க. மரக்கறிப் பாத்திகளை வைக்கோலால் மூடுக. மண் மிகச் சூடேறாது, ஈரமும் நிலைக்கும்.