அமெரிக்க விடுதலையும் ஹைதர் அலியும்

1782 ஏப்ரல் 8 அன்று வட அமெரிக்காவின் டெலாவேர் வளைகுடாவில் இரு கப்பல்கள் மோதின. ஒன்று 'ஜெனரல் மாங்க்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல். மற்றொன்று, வணிகக் கப்பல்களைக் காக்கப் பென்சில்வேனியா மாநிலம் அனுப்பிய கப்பல். பீரங்கி பலத்தில் எதிரிக்குக் குறைந்தது. ஆயினும் பிரிட்டிஷ் கப்பலே சரணடைந்தது. வென்ற கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'. மைசூர் ஆட்சியாளரின் பெயர் எங்கோ தொலைவிலுள்ள கப்பலில் பொறிக்கப்பட்டது ஏன்?

1763இல் ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டன் பெரும் கடனில் மூழ்கியிருந்தது. அச்சுமையைப் பகிர்ந்துகொள்ளுமாறு அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது அது வரிகளை விதித்தது. தங்கள் பிரதிநிதிகள் இல்லாத நாடாளுமன்றம் தங்களுக்கு வரி விதிக்கலாகாது என்று குடியேற்றத்தார் வாதிட்டனர். 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் வீசப்பட்டது. அத்தேயிலை, வங்காளத்தைக் கைப்பற்றியிருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரியது. 1775 ஏப்ரலில் போர் மூண்டது. 1776 ஜூலை 4 அன்று குடியேற்றங்களின் பிரதிநிதிகள் விடுதலைப் பிரகடனத்தை ஏற்றனர்.

பிரகடனம் செய்வது எளிது. பேரரசின் கடற்படையை எதிர்கொள்வது அரிது. வாஷிங்டனின் படை பலமுறை தோற்றது. எனினும் அது கலைந்துவிடவில்லை. 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுவதுமாகச் சரணடைந்ததும் நிலைமை மாறியது. அதே ஆண்டு டிசம்பரில் மொராக்கோ சுல்தான் முஹம்மது பின் அப்துல்லாஹ், தம் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார். புதிய நாட்டை முதலில் அங்கீகரித்தவர்களுள் ஒரு முஸ்லிம் மன்னரும் இருந்தார் என்பது நினைவுகூரத்தக்கது. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் உடன்படிக்கை செய்துகொண்டது. ஸ்பெயினும் பின்னர் போரில் இறங்கியது.

இதன் பிறகு அது அமெரிக்கப் போராக மட்டும் நிற்கவில்லை. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த புதுச்சேரியை 1778இலும், மாஹேயை 1779இலும் ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஹைதர் அலிக்குப் படைக்கலன்கள் வந்துசேர்ந்த வழி மாஹே. அவருடைய எச்சரிக்கை பொருட்படுத்தப்படவில்லை. 1780 ஜூலையில் அவர் கர்நாடகப் பகுதியில் நுழைந்தார். செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நிர்மூலமாக்கப்பட்டது. இச்செய்திகள் அமெரிக்காவை எட்டின. தம் எதிரியைத் தளரச் செய்தவரின் பெயரை அவர்கள் கப்பலுக்குச் சூட்டினர்.

1781 அக்டோபரில் யார்க்டவுனில் கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. அதற்குக் கடல்வழியை அடைத்தது பிரெஞ்சுக் கப்பற்படையே. பல கண்டங்களில் ஒரே வேளையில் போரிட்டுச் சலித்த பிரிட்டன், 1783 செப்டம்பர் 3 அன்று பாரிஸ் உடன்படிக்கையில் அமெரிக்க விடுதலையை ஒப்புக்கொண்டது.

ஆனால் மைசூரின் நிலை என்ன? 1782 டிசம்பரில் ஹைதர் அலி மறைந்தார். 1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுப் படையும் ஆங்கிலப் படையும் போரிட்டுக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட செய்தி வந்தது. பிரெஞ்சுக்காரர் உடனே போரை நிறுத்தினர். மங்களூர் முற்றுகையில் திப்பு சுல்தானுக்குத் துணைநின்ற பிரெஞ்சு வீரர்களும் விலகிக்கொண்டனர். திப்பு தனித்து நின்று, 1784 மார்ச்சில் கௌரவமான உடன்படிக்கையொன்றைப் பெற்றார்.

யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். 1792இல் திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்தவரும், அவருடைய புதல்வர் இருவரைப் பிணையாகக் கொண்டவரும் அவரே. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு ஷஹீதானார். அமெரிக்காவை இழந்த பேரரசு, இந்தியாவில் தன்னை ஈடுசெய்துகொண்டது.

விடுதலை பெற்ற நாட்டிலும் அது அனைவருக்கும் கிட்டவில்லை. அந்நாளைய மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் ஆப்பிரிக்க அடிமைகள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். அடிமைமுறை அங்கு ஒழிய 1865 வரை ஆயிற்று.

எந்த விடுதலையும் தனித்து வெல்லப்படுவதில்லை. தோள்கொடுத்தவர்களை வென்றவர்களின் வரலாறு ஒரு கப்பலின் பெயராக மட்டும் சுருக்கிவிடக்கூடும். உடன்படிக்கையைப் பேணுவதை ஈமானின் கடமையாகப் போதிக்கும் மார்க்கத்தைச் சார்ந்த நாம், அந்தப் பெயருக்குப் பின்னுள்ள கணக்கையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.