டோக்கன் கொடுக்கும் முன்

பெருங்களத்தூரில் அந்த ஃப்ளாட்டைப் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிழக்குப் பார்த்த வாசல். சமையலறையில் நல்ல வெளிச்சம். பால்கனியில் நின்றால் எதிர்வீட்டு வேப்பமரம் கைக்கெட்டும் தூரத்தில். சாமி அலமாரியை எந்த மூலையில் வைக்கலாம் என்று என் மனைவி அதற்குள் முடிவு செய்துவிட்டாள். தரகர் அதைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். "சார், சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க. நீங்க ஒரு அம்பதாயிரம் டோக்கன் போட்டுட்டீங்கன்னா அவங்களை வரவேணாம்னு சொல்லிடுவேன்" என்றார். வாசலில் நின்றபடியே செல்போனில் அனுப்பிவிட்டேன். ரசீது கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அதில் இருபத்தையாயிரம் திரும்பி வர நான்கு மாதம் ஆனது. மீதி வரவே இல்லை. நடந்தது இதுதான்: ஃப்ளாட் விற்பவருடைய அப்பா பெயரில் இருந்தது. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோனார். மகன், கூடவே இருந்து பார்த்துக்கொண்டது தான்தானே என்ற நினைப்பில் விற்க வந்துவிட்டார். திருச்சியில் இருந்த அவருடைய அக்காவுக்கு விஷயமே தெரியாது. தெரிந்ததும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. உயில் இல்லாமல் இறந்த இந்துத் தகப்பனாரின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்பது 1956ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலும் மத்திய அரசு 2005இலும் சட்டத்தைத் திருத்தின. ஆனாலும் "அக்காவுக்குத்தான் அப்பவே நகை போட்டாச்சே" என்ற பேச்சு இன்றைக்கும் கிரயப் பத்திரங்களுக்குப் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இத்தனையையும் டோக்கன் கொடுப்பதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம். முதல்முறை வீடு வாங்குகிறவரிடம் இருக்கும் ஒரே பலம், அவர் இன்னும் பணம் கொடுக்கவில்லை என்பதுதான். அதுவரை தரகர் நம் போனை இரண்டாவது மணியில் எடுப்பார். அதற்குப் பிறகு நாம்தான் அவருக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருப்போம்.

முதலில் பணக் கணக்கு. "வீடு 60 லட்சம், பேங்க்ல 80 பர்சென்ட் தர்றாங்க, கையில 12 லட்சம் இருந்தா போதும்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதையும் தாண்டினால் 75 சதவீதமும்தான் வங்கி தரலாம். முத்திரைத்தாள் செலவையும் பதிவுக் கட்டணத்தையும் இந்த அளவு விலையுள்ள வீட்டின் மதிப்பில் சேர்த்துக் கடன் கேட்க முடியாது. அது முழுக்கக் கைக்காசு.

அந்த 60 லட்சம் பழைய ஃப்ளாட் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 5 லட்சத்து 40 ஆயிரம். கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து சலுகை உண்டு: 50 லட்சம் வரை 4 சதவீதமும், அதற்கு மேல் 3 கோடி வரை 5 சதவீதமும் தீர்வை, கூட 2 சதவீதம் பதிவுக் கட்டணம். ஆனால் வேலை முடிவதற்கு முன்பே வாங்கினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் வந்து உட்கார்ந்துகொள்ளும். 45 லட்சத்துக்குள் அடங்கும் சின்ன வீடுகளுக்கு 1 சதவீதம். பணி நிறைவுச் சான்று வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

தரகர் கமிஷன், வக்கீல் கட்டணம், வங்கியின் பிராசஸிங் கட்டணம், பத்திரத்தை ஒப்படைக்கும் எம்.ஓ.டி. பதிவு, அசோசியேஷன் பணம். அப்புறம் பெண்கள் மட்டுமே சரியாகக் கணக்குப் போடும் சங்கதி ஒன்று இருக்கிறது: அலமாரி, சமையலறை மேடை வேலை, ஜன்னல் கொசுவலை, ஃபேன், கிரகப்பிரவேசச் சாப்பாடு. எல்லாம் சேர்ந்தால் 12 லட்சம் என்று நினைத்தது 22 லட்சத்தில் போய் நிற்கும். நடுவில் விழும் அந்தப் பத்து லட்சத்தைத்தான் நம் ஆட்கள் சீட்டைத் தள்ளி எடுத்தும், நகையை அடகு வைத்தும், பர்சனல் லோன் போட்டும் அடைக்கிறார்கள். வங்கி வீட்டுக்கடன் தவணையை மட்டும் வைத்துத்தான் நம் சம்பளத்தை அளந்தது. நாம் வைத்த நகைக்கு வட்டி கட்டுவது அதன் கணக்கில் இல்லை. தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் அடகுக்கடையில் இருக்கும் வீட்டில், புது டைல்ஸ் தரையில் படுத்தும் தூக்கம் வராமல் புரண்டவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும்.

அடுத்தது தவணை. 48 லட்சம் கடன், 20 ஆண்டு, வட்டி 8.5 சதவீதம் என்றால் மாதம் சுமார் 41,655 ரூபாய். ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் 25 லட்சம் கட்டியிருப்பீர்கள். அசலில் குறைந்திருப்பது 5 லட்சத்து 70 ஆயிரம். மீதி அத்தனையும் வட்டி. இதில் மோசடி ஒன்றும் இல்லை, கணக்கு அப்படித்தான். ஆரம்பத்தில் கடன் பெரிது, அதனால் வட்டியும் பெரிது. அதே காரணத்தால்தான் ஆரம்ப வருடங்களில் கூடுதலாகக் கட்டும் பணத்துக்கு மதிப்பு அதிகம். வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாக, போனஸிலோ தீபாவளிப் பணத்திலோ, கட்டிவந்தால் இந்தக் கடன் பதினாறரை வருடத்தில் முடியும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்ட வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது.

மாறும் வட்டி என்றால் என்ன என்பதை 2021இல் கடன் வாங்கியவர்களைக் கேளுங்கள். அப்போது 6.75 சதவீத வட்டிக்கே கடன் கிடைத்தது. அதே 48 லட்சத்துக்குத் தவணை 36,500. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5க்கு ஏற்றியது. கடன் வட்டி 9.25 ஆனது. பாக்கி இருந்த சுமார் 45 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மாத வட்டி மட்டுமே 35,000 ரூபாய்க்கு மேல். பழைய தவணையையே கட்டினால் அசலுக்குப் போவது ஆயிரத்துச் சொச்சம். 18 வருடத்தில் முடிய வேண்டிய பாக்கி, 35 வருடம் இழுக்கும். பல வங்கிகள் தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டின. செல்போனில் வந்த குறுஞ்செய்தியை யார் படித்தார்கள்? 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும், நிலையான வட்டிக்கு மாறும் வாய்ப்பும் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025இல் ரெப்போ படிப்படியாக 5.25க்கு இறங்கிவிட்டது. இப்போது வாங்குகிறவர்கள் இறங்கிய வட்டியில் உள்ளே போகிறார்கள். அதில் இரண்டரை சதவீதம் கூட்டிப் போட்டுப் பார்த்து, அந்தத் தவணையும் தாங்குமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

தாங்குமா என்று தெரிந்துகொள்ள என் சித்தப்பா சொன்ன வழிதான் நான் பார்த்ததில் உருப்படியானது. வாடகை 18,000, தவணை 42,000 வரும் என்றால், வித்தியாசமான 24,000 ரூபாயை ஆறு மாதம் வங்கியில் ஆர்.டி.யாகப் போடு என்றார். ஆறாவது மாதத்தில் கை கடித்தால், வீடு வாங்காமலேயே உண்மை தெரிந்துவிட்டது. கடிக்கவில்லை என்றால் 1 லட்சத்து 44 ஆயிரம் கையில் இருக்கிறது, பத்திரச் செலவுக்கு ஆகும். நான் இரண்டாவது தடவை வீடு தேடும்போது இதைச் செய்தேன். நான்காவது மாதமே ஆர்.டி. தவறியது. 60 லட்சத்து வீட்டை விட்டுவிட்டு 46 லட்சத்து வீட்டைப் பார்க்க ஆரம்பித்தோம்.

வருமான வரி மிச்சமாகும் என்பதற்காகக் கடன் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போது இயல்பாகவே நம்மேல் விழும் புதிய வரிமுறையில், நாமே குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. பழைய முறையில்தான் 2 லட்சம் வரை உண்டு. ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

இனி காகிதம். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். முப்பது வருடத்துக்காவது பாருங்கள். ஆனால் அதில் தெரிவது பதிவான விவகாரங்கள் மட்டும். திருச்சி அக்கா வில்லங்கச் சான்றில் வரமாட்டார். அவரைக் காட்டுவது வாரிசுச் சான்றிதழ். மூலப்பத்திரம் "தொலைஞ்சுபோச்சு, நகல் இருக்கு" என்றால் அங்கேயே நின்றுவிடுங்கள்; அது எங்காவது அடமானத்தில் இருக்கலாம். பவர் வைத்திருப்பவர் விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்தாரா என்று பார்க்க வேண்டும். வெறும் பவர் பத்திரம் உரிமையைக் கைமாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

ஃப்ளாட்டில் யு.டி.எஸ். என்று ஒன்று உண்டு. மனையில் உங்களுக்கு எழுதிக் கொடுக்கும் பிரிபடாத பங்கு. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடியில் நான்கு சம அளவு ஃப்ளாட் என்றால் ஆளுக்கு 600 வர வேண்டும். பத்திரத்தில் 450 என்று இருந்தால் மீதி 600 சதுர அடி யாரிடம் இருக்கிறது? கட்டுநரிடம்தான், நாளைக்கு மேலே ஒரு மாடி எழுப்புவதற்கு. கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும்போது உங்கள் கையில் இருப்பது அந்த 450 மட்டும்தான். புது அடுக்குமாடி என்றால் தமிழ்நாடு ரெரா பதிவு எண்ணைக் கேளுங்கள். எட்டு வீட்டுக்கு மேல் அல்லது 500 சதுர மீட்டர் மனைக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் பணம் வாங்கக் கூடாது என்பதும் ரெரா சட்டத்தில்தான் இருக்கிறது.

"பேங்க்கே லோன் தருது, அப்புறம் என்ன பயம்?" என்பது தரகர்களின் பிரம்மாஸ்திரம். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் கடன் திரும்ப வருமா என்று. உங்கள் சம்பளம் இருக்கும் வரை அது வரும். உங்களுக்கென்று ஒரு வக்கீல் வேண்டும். அவரைத் தரகர் சிபாரிசு செய்திருக்கக் கூடாது.

விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பார்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை உண்டு. வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரும். அதை விடுங்கள், 60 லட்சத்து வீட்டுக்குப் பத்திரத்தில் 40 லட்சம் என்று எழுதினால் வங்கிக் கடனும் அதற்கேற்பத்தான் கிடைக்கும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் கூடும். விற்பவருடைய வரியை நீங்கள் சுமப்பதுதான் இதில் நடப்பது. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டியவரும் வாங்குபவர்தான். மறந்தால் நோட்டீஸ் உங்களுக்கு வரும்.

காகிதத்தில் வராத இரண்டு விஷயங்கள் தண்ணீரும் மழையும். சென்னையில் வீடு பார்ப்பதை மே மாதத்தில் ஒரு தடவை, நவம்பர் மழையில் ஒரு தடவை என்று வைத்துக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எது வரை நின்றது என்று விற்பவரைக் கேட்காதீர்கள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைக் கேளுங்கள், முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். காவலாளியிடம், போன கோடையில் எத்தனை லாரி தண்ணீர் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். எங்களுக்கு இப்போதிருக்கும் வீட்டை உறுதி செய்தது இப்படி ஒரு இஸ்திரிக்காரம்மாதான். "இங்க தண்ணி நிக்காது, கரண்ட்டுதான் போவும்" என்றார். சொன்னபடியே போகிறது.

எல்லாம் சரியாக இருந்தால் அட்வான்ஸ். கடன் மறுக்கப்பட்டாலோ உரிமையில் குறை தெரிந்தாலோ பணம் முழுவதும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று எழுதிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, வங்கி மூலமாகக் கொடுங்கள். கிரயம் முடிந்ததும் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கடனுக்கு ஈடாக ஒரு டெர்ம் இன்ஷூரன்ஸ் எடுங்கள். வங்கி தன் பாலிசியைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது.

சித்தப்பா போன வருடம் தன் கடனை அடைத்தார். அடைத்த முப்பது நாளுக்குள் மூலப்பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால் வங்கி நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023இல் விதி வந்துவிட்டதால், பத்திரம் இருபதாவது நாளே வந்துவிட்டது. அதைப் பட்டுத்துணியில் சுற்றி பீரோவில் வைத்தார். நான் சும்மா இருக்காமல் அவர் வீட்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். அடமானம் அப்படியே நின்றது. கடன் தீர்ந்ததற்கான ரசீதை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் அந்தப் பதிவுக்குக் கீழே அது ஏறும். அதற்கு வங்கி அதிகாரியின் கையெழுத்து வேண்டும். "ஊருக்கெல்லாம் சொன்னேன், எனக்கு எவனும் சொல்லலையே" என்று சித்தப்பா பீரோ சாவியைத் தேடப் போனார்.