பீங்கான் ஓட்டில் குவளைத் தாங்கி

மண்பானை உருண்டுவிடாமல் இருக்க, வைக்கோற் புரியையோ தேங்காய் நாரையோ வளையமாக முறுக்கி அதன்மேல் பானையை அமர்த்துவது தமிழர் இல்லங்களின் பழைய வழக்கம். அவ்வளையத்திற்குப் பிரிமணை என்று பெயர். மண்பானை மறையவே பிரிமணையும் மறைந்தது. ஆனால் அது செய்துவந்த வேலை மறையவில்லை. மெருகிட்ட மேசை உள்ள வீடுகளில், தேநீர்க் குவளையின் அடியில் வைக்க இன்றும் ஏதாவது ஒன்று தேவைப்படுகிறது. மலாய் மொழியில் 'அலாஸ் சாவான்' எனப்படும் அப்பொருளைக் குவளைத் தாங்கி என்று இக்கட்டுரையில் குறிப்போம். வீடு கட்டி மிஞ்சிய பீங்கான் ஓட்டைக் கொண்டு இதனை நாமே செய்துகொள்ளலாம்.

சூடான குவளையை மேசையில் நேரே வைத்து எடுத்தால் வெண்மையான வட்டம் ஒன்று தங்கிவிடுவதைப் பலரும் கண்டிருப்பர். மரத்தின்மேல் பூசிய மெருகுப் படலத்தினுள் சூடும் ஈரமும் நுழைவதால் அப்படலம் தன் தெளிவை இழந்து வெளுத்துக் காட்டுகிறது. தவணை முறையில் பணம் கட்டி வாங்கிய மேசையில், தவணை முடியுமுன்னரே இத்தகைய வட்டங்கள் விழுவதை எந்தக் குடும்பம் விரும்பும்?

தோட்டத்து லயங்களை விட்டுச் சொந்த வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் இன்று மிகப் பல. 2017ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பாகான் டத்தோ தனி மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. வீடு கட்டினாலும் சமையலறையைப் புதுப்பித்தாலும் சில ஓடுகள் மிஞ்சும், சில உடையும். 'ஜூபின்' என்று நாம் வழக்கமாகச் சொல்லும் இவ்வோடுகள் வீட்டின் பின்புறத்தில் அடுக்கப்பட்டு, பாசி படிந்து, இறுதியில் குப்பைக்குச் செல்கின்றன. 10 சென்டிமீட்டர் சதுர ஓடு ஒரு குவளைக்கு மிகச் சரியான அளவு. 20 சென்டிமீட்டர் சதுர ஓட்டை நான்காக வெட்டினால் நான்கு தாங்கிகள் கிடைக்கும். 15 சென்டிமீட்டர் ஓடாயின், அதனை வெட்டாமல் தேநீர்க் கூசாவின் அடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டின் இயல்பைப் புரிந்துகொள்ள நம் தோட்ட அன்பர்களுக்குப் புத்தகம் தேவையில்லை. பால்மரத்தில் கட்டிய பீங்கான் மங்கை நினைத்துப் பார்த்தாலே போதும். பிளாஸ்டிக் மங்குகள் வருமுன், மண்ணால் வனைந்து மெருகேற்றிச் சூளையில் சுட்ட மங்குகள் பரவலாகப் பயன்பட்டன. சிங்கப்பூரில் 1940ஆம் ஆண்டில் கட்டப்பட்ட தௌ குவாங் டிராகன் சூளை அத்தகைய மங்குகளைச் சுட்டுத் தள்ளிய சூளைகளுள் ஒன்று. மங்கில் உறைந்த கட்டிப்பாலை விரலால் நெம்பினால், அது வழுவழுப்பான உட்புறத்தை விட்டு முழுதாக உரிந்து வரும். மரப்பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலோ பட்டையின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு எளிதில் வராது. மங்கின் மெருகு உண்மையில் ஒரு கண்ணாடிப் படலம். அதில் பால் பற்றுவதற்குப் பிடி இல்லை.

பீங்கான் ஓட்டின் முகமும் அதே கண்ணாடிதான். அதன் முதுகோ மெருகில்லாத சுட்ட மண். ஆகவே ஒட்டவேண்டிய எதனையும் முதுகில் ஒட்டுக. முகத்தை அதன் போக்கில் விடுக. குவளைத் தாங்கி செய்வோர் அடையும் ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இதனை மறப்பதால் நேர்பவையே.

எடுத்துக்காட்டாக, கடையில் வாங்கிய சாதாரண வண்ணத்தை ஓட்டின் முகத்தில் தீட்டிப் பூ வரைகின்றனர். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று முறை கழுவியதும் அப்பூ மங்கிலிருந்து உரியும் பாலைப்போல் உரிந்து வரும். வேறு சிலர் வண்ணப் படத்தை வெட்டி ஒட்டி அதன்மேல் வார்னிஷ் பூசுகின்றனர். சூடான குவளையை வைத்தவுடன் சாதாரண வார்னிஷ் இளகும். குவளையை எடுக்கும்போது தாங்கியும் கூடவே எழும். பாதி வழியில் கீழே விழுந்து உடையும். கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கு இம்முறை ஏற்றது. தேநீர் அருந்துவதற்கு ஏற்றதன்று. ஓவனில் சுட்டு இறுகச் செய்யும் பீங்கான் வண்ணங்கள் கடைகளில் உள்ளன. அவற்றின் பெட்டியில் அச்சிட்ட வெப்பத்தையும் நேரத்தையும் பிசகாமல் கடைப்பிடித்தால் ஓரளவு நிலைக்கும். இவற்றையெல்லாம்விட, ஆலையிலேயே பூவும் கொடியும் சுடப்பட்ட ஓட்டைத் தேர்ந்தெடுப்பதே எளிது. நீடித்து உழைப்பதும் அதுவே.

முதலில் ஓட்டின் முதுகில் ஒரு சொட்டு நீர் விடுக. நீர் விரைவில் உள்ளிழுக்கப்பட்டால் அது சுவரில் பதிக்கும் ஓடு. இவ்வகை தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேலாக நீரைக் குடிக்கக்கூடியது. கையால் வெட்டுவதற்கும் எளியது. நீர் முத்தாக அப்படியே நின்றால் அது தரையில் பதிக்கும் கெட்டியான போர்சலின் ஓடாக இருக்கலாம். அது குடிக்கும் நீர் நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டாது. கைக்கருவியால் அதனை வெட்ட முயன்று கையைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டா. இத்தகைய பீங்கான்களில் சேரும் கயோலின் என்னும் வெண்களிமண் நம் பேராக் மாநிலத்துப் பீடோர், தாப்பா வட்டாரங்களிலேயே தோண்டி எடுக்கப்படுகிறது.

சுவரோட்டை வெட்டுவதற்குக் கண்ணாடி வெட்டும் கருவி போதுமானது. முகத்தின்மேல் அளவுகோலை வைத்து, ஒரே அழுத்தத்தில் ஒரே ஒரு முறை கோடு கிழிக்கவேண்டும். திரும்பத் திரும்பக் கிழித்தால் கோணலாக உடையும். கோட்டின் நேர் கீழே மெல்லிய கம்பி ஒன்றை வைத்து இருபுறமும் அழுத்தினால் ஓடு இரண்டாகும். விளிம்பு கத்தியைப்போல் கூர்மையாக இருக்கும். பால்மரம் சீவும் கத்தியைத் தீட்டும் கல்லே அதனை மழுக்கப் போதும். ஆனால் கல்லையும் ஓட்டையும் நனைத்துக்கொண்டே தேய்க்கவேண்டும். ஓட்டின் உலர்ந்த தூளில் சிலிக்கா உண்டு. அதனை நாள்தோறும் சுவாசிப்பவரின் நுரையீரல் கெடும்; அந்நோய்க்கு முழுத் தீர்வும் இல்லை. மிகப் பழைய வீடுகளை இடித்தெடுத்த ஓடுகளின் மெருகில் ஈயமும் இருக்கக்கூடுமாதலால் அவற்றைத் தேய்க்காமல் விடுவதே நன்று. கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி அணிக. குழந்தைகள் அருகில் இருத்தலாகாது.

வெட்டிய ஓட்டைக் கழுவி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்த பின்னரே அடிப்பாகத்தை ஒட்டவேண்டும். மண் குடித்த நீர் உள்ளே இருந்தால் பசை பிடிக்காது. தேய்ந்த ஜப்பான் செருப்பிலிருந்து வெட்டிய நான்கு சிறு வில்லைகள் நல்ல கால்களாகும். எனினும் கறுப்பு இரப்பர் வெளிர்நிற மேசையில் கறை பதிக்கக்கூடியது. அத்தகைய மேசைக்குக் கம்பளித் துணியோ தக்கையோ ஏற்றது. செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மஞ்சட் பசையை இருபுறமும் மெல்லியதாகப் பூசி, கையில் ஒட்டாத நிலை வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடங்கள் பொறுத்துப் பின் அழுத்துக. அப்பசையின் ஆவி தீப்பற்றக்கூடியதாகையால் அடுப்பங்கரையில் இவ்வேலை கூடாது.

முழு ஓடு இல்லை, உடைந்த சில்லுகளே உள்ளன என்போர் இரண்டு ஊர்களை நினைவிற் கொள்ளலாம். சண்டிகார் நகரில் சாலைத் துறை மேற்பார்வையாளராக இருந்த நேக் சந்த், 1957ஆம் ஆண்டு முதல் உடைந்த ஓடு, பீங்கான், வளையல் ஆகியவற்றைச் சேர்த்து, அரசாங்க நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சிலைத் தோட்டம் ஒன்றை எழுப்பினார். அரசாங்கம் கண்டறிந்தபோது அதனை இடிக்கவில்லை. 1976ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. மற்றோர் ஊர் தமிழ்நாட்டில் காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடி. அங்கே சிமெண்டுத் தளக்கற்களைக் கண்ணாடித் தட்டின்மேல் குப்புற வார்க்கின்றனர். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம் அதைப்போலவே வழுவழுப்பாக வெளிவருகிறது, சூளை வேண்டியதில்லை. மலாயாவிலும் பர்மாவிலும் பொருளீட்டிய செட்டியார்கள் எழுப்பிய மாளிகைகளின் தரையில் இக்கற்களை இன்றும் காணலாம்.

அந்தக் குப்புற வார்க்கும் உத்தி நமக்கும் உதவும். 10 சென்டிமீட்டர் சதுரத் தாளில் சோற்றுக் கஞ்சி தடவி, சில்லுகளை முகம் கீழாக, சிறு இடைவெளி விட்டு அடுக்குக. சமமான தரையில் வைத்து, எண்ணெய் தடவிய மரச்சட்டத்தைச் சுற்றிலும் பொருத்துக. சில்லுகளின் முதுகை நனைத்து, ஒரு பங்கு சிமெண்டும் இரு பங்கு மெல்லிய மணலும் குழைத்த கலவையை ஒன்றரைச் சென்டிமீட்டர் உயரத்திற்கு நிரப்புக. சிமெண்டு தோலை அரிக்குமாதலால் கையுறை அவசியம். மறுநாள் சட்டத்தை நீக்கி, தாளை நனைத்து உரித்து, முகத்தைத் துடைத்து, ஒரு வாரம் ஈரச் சாக்கில் பொதிந்து வைக்கவேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிக்கும். கோலத்தின் புள்ளிகளைப்போல் சில்லுகளை அமைத்தால் பார்வைக்கு மிக எடுப்பாக இருக்கும்.

குளிர்ந்த பானங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பனிக்கட்டியிட்ட சிராப் குவளையின் வெளிப்புறத்தில் வழிவது குவளைக்குள்ளிருந்து கசிந்த நீரன்று; காற்றிலிருந்த ஈரமே. கடலும் பேராக் ஆறும் பெர்ணம் ஆறும் சூழ்ந்த பாகான் டத்தோவில் அந்த ஈரம் மிகுதி. 30 பாகை வெப்பமுள்ள ஈரக்காற்று, ஏறத்தாழ 25 பாகைக்குக் குளிர்ந்தாலே நீரை விடத் தொடங்கும். மெருகிட்ட ஓடு அந்நீரைக் குடிக்காது. அது விளிம்பு தாண்டி மேசைக்கே வந்து சேரும். இதற்கு நம்மூரிலேயே மருந்துண்டு. தென்னைக்குப் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில் நார்க்கயிற்றுக்குப் பஞ்சமில்லை. மெல்லிய கயிற்றை ஓட்டின் நான்கு பக்கமும், முகத்தைவிடச் சற்று உயர்ந்து நிற்குமாறு சுற்றி ஒட்டினால் நீர் அணைகட்டியதுபோல் நிற்கும். நாரும் சிறிது குடித்துக்கொள்ளும். பழைய பிரிமணையே வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது எனலாம். இத்தாங்கியை வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்தாவிடில் நாரில் பூஞ்சணம் பிடிக்கும்.

விற்பனை செய்ய எண்ணும் சகோதரிகள் எடையை மறக்கலாகாது. 7 மில்லிமீட்டர் கனமுள்ள தனி ஓட்டுத் தாங்கிகள் ஆறு சேர்ந்தால் ஏறத்தாழ 800 கிராம் வரும்; சில்லுத் தாங்கிகள் ஆறு 2 கிலோவை நெருங்கும். அஞ்சலில் அனுப்பும் செலவு விலையில் பாதியை விழுங்கிவிடக்கூடும். ஆகையால் பாசார் மாலாமிலும் தீபாவளிச் சந்தையிலும் கைக்குக் கை விற்பதே இலாபம். விலை குறிக்கும்போது பசைக்கும் கயிற்றுக்கும் ஆன செலவோடு நிறுத்தாமல், உட்கார்ந்து உழைத்த மணி நேரத்தையும் கணக்கில் எழுதுக. ஓடு இலவசமாகக் கிடைத்தது என்பதற்காக உழைப்பையும் இலவசமாகக் கொடுத்துவிடும் பழக்கம் நம் பெண்களிடையே உண்டு. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை இதன்மேல் நேரே வைத்தால் ஓடு வெடிக்கலாம் என்னும் எச்சரிக்கையை, தமிழிலும் மலாயிலும் சிறு அட்டையில் எழுதி ஒவ்வொரு கட்டினுள்ளும் வைத்துக் கொடுக்கவேண்டும்.