டர்பைன் தட்டை ஒட்டிய இடைவெளிக்குள் சூடான வாயு புகுவது ஏன்? தடுப்பது எப்படி?

ஜெட் என்ஜின் டர்பைனில் பாயும் வாயு 1,500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். பிளேடுகளுக்குள் குளிர்காற்று ஓடுவதால் அவை தாங்கிக்கொள்கின்றன. ஆனால் அவற்றைச் சுமந்து சுழலும் தட்டு சூடேறி உடைந்தால், துண்டுகள் என்ஜின் உறையையே பிய்த்துக்கொண்டு பறக்கும்.

தட்டுக்கும் பக்கத்திலுள்ள அசையாத பாகத்துக்கும் நடுவே இடைவெளி இருந்தே தீரும். சுழலும் தட்டு தன்னை ஒட்டிய காற்றை வெளிப்பக்கம் வீசுகிறது. அந்தக் குறையை நிரப்ப வாயு உள்ளே இழுக்கப்படுகிறது. போதாததற்கு, நிலையான பிளேடுகளுக்குப் பின்னால் அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. கூடிய இடத்தில் வாயு நுழையும்; குறைந்த இடத்தில் வெளியேறும்.

அதனால் இருபக்க விளிம்புகளும் ஒன்றையொன்று தொடாமல் மேற்கவிந்திருக்கும்படி அமைக்கிறார்கள். உள்ளிருந்து கம்ப்ரஸர் காற்றையும் செலுத்துகிறார்கள். அது அதிகமானால் என்ஜினின் திறன் குறையும். விளிம்பை இரட்டை அடுக்காக்குவதே அழகான தீர்வு: வெளி அடுக்கிலேயே அழுத்த ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் தணிந்துவிடுகிறது, குறைந்த காற்றே போதும்.