இணையத்தின் வாசலில் ஒரு சர்வர்

வீட்டு ரவுட்டரைப் போட்டதும் சில நொடிகளில் இணையம் வந்துவிடுகிறது. அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு விசாரணையே நடந்து முடிகிறது. அதை நடத்துவது 'நெட்வொர்க் அக்சஸ் சர்வர்'.

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. முதலில் சேவை பெற்ற நகரங்களில் சென்னையும் உண்டு. அது டயல்-அப் காலம். கணினியின் மோடம் தொலைபேசி வழியே அழைக்கும். மறுமுனையில் அழைப்பை எடுப்பது இந்த சர்வர்தான். ஒரு பக்கம் தொலைபேசி இணைப்புகள், மறுபக்கம் இணையம், நடுவில் இது.

வந்தவர் சந்தாதாரர்தானா என்று இது எப்படி அறியும்? ஊருக்கு ஊர் சர்வர்கள் இருக்க, ஒவ்வொன்றிலும் எல்லாருடைய கடவுச்சொல்லையும் எழுதிவைப்பது நடக்காத காரியம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த மெரிட் நெட்வொர்க் 1991இல் இதற்குத் தீர்வு தேடியது. லிவிங்ஸ்டன் நிறுவனம் உருவாக்கிக் கொடுத்த விடை 'ரேடியஸ்' நெறிமுறை. இதன்படி வாசலில் இருக்கும் சர்வர் தானாக முடிவெடுப்பதில்லை. பயனர்பெயரையும் கடவுச்சொல்லுக்கான சான்றையும் மைய ரேடியஸ் சர்வருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறது. 'ஏற்றுக்கொள்' என்ற பதிலோடு, எந்த ஐபி முகவரி, என்ன வேகம், எவ்வளவு நேரம் என்ற விவரங்களும் வரலாம். 'மறு' என்று வந்தால் கதவு திறக்காது.

உள்ளே விட்டதோடு வேலை முடியவில்லை. இணைப்பு தொடங்கிய நேரம், முடிந்த நேரம், போய்வந்த டேட்டாவின் அளவு ஆகியவற்றையும் இது மையத்துக்குச் சொல்கிறது. டயல்-அப் நாளில் மணிக்கணக்குக்கும் இன்று டேட்டா வரம்புக்கும் இந்தப் பதிவே ஆதாரம்.

டயல்-அப் மறைந்தாலும் இந்த ஏற்பாடு மறையவில்லை. பிராட்பேண்ட் நிறுவனங்களின் கேட்வே இதே வேலையைத்தான் செய்கிறது. அலுவலக வைஃபையில் அக்சஸ் பாயிண்டே வாசல் சர்வராகிவிடுகிறது. 'எஜுரோம்' திட்டத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர் இன்னொரு நாட்டு வளாகத்தில் வைஃபையை இயக்கினால், கேள்வி அவருடைய சொந்தப் பல்கலைக்கழகம் வரை சென்று பதிலோடு திரும்புகிறது. கேட்பவரும் முடிவெடுப்பவரும் வேறு வேறாக இருப்பதால்தான் இது முடிகிறது.

வாசகர்களே, ஒன்றை மனத்தில் வையுங்கள். உங்கள் பயனர்பெயரில் யார் நுழைந்தாலும் பதிவு உங்கள் கணக்கில்தான் ஏறும். அதற்கான கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்காதீர்கள்.